இரண்டாவது வீடு

படக்கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். அன்றைக்கு ஒன்பதே முக்காலுக்கே வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. குடை வைத்திருந்தவர்கள் குடை இல்லாதவர்களின் தோளில் தண்ணீரை வடியவிட்டார்கள். அதற்காக யாரும் சண்டைக்குப் போகவில்லை. எல்லாரும் தங்கள் சண்டையைக் கடைக்குள் போய்ப் போடுவதற்காகச் சேர்த்துவைத்திருந்தார்கள்.

ஒரு காலத்தில் அது டிவிடி வாடகைக்குக் கொடுக்கும் கடை மட்டும்தான். பிறகு கம்பெனி பெரிதாகி, படங்களை இணையம் வழியாக வீட்டு டிவிக்கே அனுப்பத் தொடங்கியது. ஒரே சந்தாவில் இரண்டும் என்று சொல்லித்தான் தெருவில் பாதிப் பேரைச் சேர்த்தார்கள். இப்போது டிவிடிக்கு ஒரு சந்தா, டிவிக்கு ஒரு சந்தா என்று பிரித்துவிட்டார்கள். கூட்டிப் பார்த்தால் பழையதைப்போல ஒன்றரை மடங்கு வந்தது.

வரிசையில் ஏழாவதாக நின்றாள் இஸ்திரிக்காரி. பெரிய சலவைக்கடை ஒன்றில் நீராவி இஸ்திரி போடுகிறவள். பதினொரு மணிக்கு வேலை. மற்றவர்களுக்கு ஒன்றரை மடங்கு என்றால் இவளுக்கு இரண்டு மடங்கு வந்திருந்தது. அது ஏன் என்று கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றாள்.

"விலைய ஏத்திட்டீங்களாமே?" என்றார் முதலில் நின்ற குடைக்காரர். கறுப்புக் குடையை மடக்காமலே உள்ளே கொண்டுவந்துவிட்டார்.

"ஏத்தம் இல்லீங்க, திட்ட மாற்றம்," என்றாள் கவுன்டர் பெண்.

"நாங்க திட்ட மாட்டோம்ங்கற தைரியம்தானேம்மா?"

வரிசை சிரித்தது. கவுன்டர் பெண்ணுக்கும் வாயோரம் சிரிப்பு வந்து போயிற்று.

"எங்களுக்கு அப்படித்தான் சார் சொல்லச் சொல்லியிருக்காங்க. விலைன்னு சொன்னா சம்பளத்துல பிடிப்பாங்க."

"பத்து வருஷமா எல்லா டிவிடியையும் கீறல் இல்லாம திருப்பிக் குடுத்தவன் நான். கடைசில எனக்குத்தான் கீறல்."

"டிவிடி வேண்டாம்னா அதை விட்டுடலாம் சார்."

"அதை விட்டா பாதிப் படம் டிவில இல்ல. டிவிய விட்டா மீதிப் படம் டிவிடில இல்ல. ஒரு செருப்ப இந்தக் கடையில வெச்சு இன்னொரு செருப்ப அந்தக் கடையில விக்கற மாதிரி இருக்கு."

இஸ்திரிக்காரியின் முறை வந்தபோது மணி பத்தே முக்கால். அவள் நீட்டிய தாளைப் பார்த்துக் கவுன்டர் பெண் கணினியில் தட்டினாள். திரையில் வந்ததை, சொல்லிக்கொடுத்த பாடத்தைப் போல உரக்கப் படித்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கற கணக்கு. அவருக்கு இரண்டாவது வீடு இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அதுக்குத்தான் கூடுதல் கட்டணம்."

வரிசையில் எல்லாத் தலையும் இஸ்திரிக்காரி பக்கம் திரும்பியது. பிறகு குடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "பரவால்லையே. இதையெல்லாம்கூடக் கண்டுபிடிச்சுச் சொல்றாங்களா? அப்ப கட்டணம் நியாயம்தான்."

வரிசை முழுக்கக் குலுங்கியது. கவுன்டர் பெண்ணுக்கு அப்போதுதான் தான் படித்தது காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் சிவந்து, "ஐயோ, அப்படி இல்லக்கா. உங்க கணக்க வேற ஒரு வீட்டு டிவிலயும் யாரோ பாக்கறாங்க. அதைத்தான் அப்படி எழுதியிருக்காங்க," என்றாள்.

"யார் வீடு?"

"அதைச் சொல்லக் கூடாதுக்கா. என்ன பாத்தாங்க, எப்ப பாத்தாங்கன்னு வேணா அடிச்சுத் தர்றேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குள்ள வந்து சொல்லிடுங்க. எடுத்துடணுமா, வெச்சுக்கறீங்களான்னு."

"எதை?"

"ரெண்டாவது வீட்டதான்," என்றாள் அவள் தலையைக் குனிந்துகொண்டு.

சலவைக்கடையில் நீராவிக்குள் நிற்கும்போது யாருடைய முகமும் யாருக்கும் சரியாகத் தெரியாது. இஸ்திரிக்காரிக்கு அன்றைக்கு அது வசதியாக இருந்தது. சட்டையைப் பலகையில் விரித்து, காலரை நீவி, மிதியை மிதித்தாள். மேல்தட்டு இறங்கி வெள்ளை ஆவி இரண்டு பக்கமும் பீறிட்டது. அடுத்தது கை. அடுத்தது முதுகு. ஒரு சட்டைக்கு ஒன்றரை நிமிடம்.

சட்டை அவளிடம் வருவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. சலவைக்குப் போகிற ஒவ்வொரு துணியின் பையையும் சோதிக்க வேண்டும். கிடைப்பதை ஒரு காகித உறையில் போட்டு, துணியின் எண்ணை மேலே எழுதி, துணி திரும்பும்போது கூடவே கொடுத்துவிட வேண்டும். பேருந்துச் சீட்டு, பல் குத்தும் குச்சி, காதணி, யாருக்கோ எழுதிக் கொடுக்காமலே விட்ட கடிதம். பதினாறு வருடமாக ஊரார் பையைத் துழாவிய கை அது. அதனாலேயே அவள் தன் வீட்டுக்காரன் பையில் கை விட்டதில்லை. அது வேலை, இது வீடு என்று ஒரு கணக்கு.

பக்கத்து மேசையில் பட்டன் அக்கா. அறுந்த பொத்தான்களைத் தைக்கிறவள். நூலைக் கடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். படக்கடையில் அடித்துக் கொடுத்த தாளை இஸ்திரிக்காரி நீட்ட, எட்டப் பிடித்து வாசித்தாள்.

"செவ்வாய், வெள்ளி. நாலு மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சு மணிக்கு முடியுது. ஒரு நாளைக்கு ஒரு பகுதிதான். ரொம்ப ஒழுங்கா இருக்கே."

"ஒழுங்கா இருந்தா என்னக்கா?"

"கள்ளப் புருஷன் இவ்வளவு நேரம் தவறாம வர மாட்டான். பல் டாக்டர்தான் இப்படி வருவான்."

"சிரிக்கற நேரமா இது?"

"சரி, சிரிக்கல. உன் வீட்டுக்காரன் நாலு மணிக்கு எங்க இருப்பான்?"

"எந்த லிஃப்ட்ல இருக்கானோ யாருக்குத் தெரியும்? இருபத்திரண்டு கட்டடத்துல லிஃப்ட் ரிப்பேர் பாக்கறான்."

"இருபத்திரண்டு கட்டடம்," என்று பட்டன் அக்கா விரலை மடக்காமலே எண்ணிப் பார்த்தாள். "மாடிக்கு நாலு கதவு. தேடி முடிக்கறதுக்குள்ள உன் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும். விட்டுத்தான் பிடிக்கணும்."

அந்தத் தாளில் இஸ்திரிக்காரியை உறுத்தியது நேரமல்ல. அங்கே ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய தொடர்தான். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு குடும்பத்தின் கதை. வாரத்துக்கு இரண்டு பகுதி என்று மகளோடு உட்கார்ந்து இருபத்தாறு பார்த்திருந்தாள். அந்த வீட்டில் முப்பத்திரண்டு ஓடி முடிந்திருந்தது. யாரோ ஒருத்தி தனக்கு ஆறு பகுதி முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது, ஏனென்று தெரியாமல், மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக எரிச்சலூட்டியது.

வீட்டில் டிவியைப் போட்டால் முதலில், 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்கும். கீழே நான்கு கட்டங்கள். அவளுடையது, மகளுடையது, வீட்டுக்காரனுடையது. நான்காவதில் 'விருந்திணர்' என்று இருக்கும். அதைக் கம்பெனியே வைத்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"ஏன்டீ, இந்த விருந்தினர் யாரு?"

வீட்டுப்பாடத்திலிருந்து மகள் தலையைத் தூக்கினாள். எட்டாம் வகுப்பு. "எனக்கெப்படித் தெரியும்? ஆனா கம்பெனிக்காரன் வெச்சதில்லம்மா. அவனா இருந்தா ரெண்டு சுழி 'ன' போட்டிருப்பான். இதுல பாரு, மூணு சுழி 'ண'. எல்லாத்துக்கும் மூணு சுழி போடறது நம்ம வீட்ல ஒரே ஆள்தான்."

லிஃப்ட்காரன் ஏழு மணிக்கு வந்தான். கிரீஸ் படிந்த கையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவினான். அவள் சோறும் பருப்பும் போட்டு, முட்டையைப் பொரித்து வைத்தாள். படக்கடைக்குப் போனதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. விலை ஏறியதை மட்டும் சொன்னாள்.

"ஏத்திட்டானா? எவ்வளவு?"

"நெறைய."

"அப்ப விட்டுடலாமா?" என்று கேட்டுவிட்டு, உடனே, "வேண்டாம், இருக்கட்டும். நீயும் பாக்கறே, புள்ளையும் பாக்குது," என்றான். கேட்டதற்கும் மறுத்ததற்கும் நடுவே முட்டையை விழுங்குகிற நேரம்கூட இல்லை. அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

சாப்பிட்டபின் இருபத்தேழாம் பகுதியைப் போட்டாள். தொடர் ஓடும்போது அவன் எப்போதும் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவான். அன்றைக்கும் கண்ணை மூடியிருந்தான். திரையில் நர்ஸ் தன் அண்ணனிடம் சாவியைக் கொடுத்தாள்.

"பாவம் அந்தப் பொண்ணு," என்றாள் மகள். "அண்ணனை இவ்வளவு நம்புது."

"அவன்தான் வீட்டையே வித்துடப் போறானே," என்றான் அவன் கண்ணைத் திறக்காமல்.

மகள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் இஸ்திரிக்காரி.

அவன் கண்ணைத் திறந்தான். "மூஞ்சியப் பாத்தாத் தெரியல? திருட்டு மூஞ்சி."

"யார் மூஞ்சி?"

"அந்த அண்ணன் மூஞ்சிதான்," என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனான். பானை பக்கத்திலேயே இருந்தது. அவன் சமையலறைக்குப் போனான்.

மறுநாள் அவனுடைய வேலை உடுப்பைத் துவைக்க எடுத்தபோது அவள் கை பழக்கத்தில் பைக்குள் போய்விட்டது. பழக்கத்தில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திருகாணி இரண்டு, பழைய ஃபியூஸ் ஒன்று, நான்காக மடித்த ஒரு தாள். தாளின் ஒரு பக்கம் தண்ணீர்த்தொட்டி கழுவப்போகும் அறிவிப்பு. மேலே மணிக்கூண்டுக்கு எதிரே இருக்கும் எட்டு மாடிக் கட்டடத்தின் முத்திரை, கீழே 'ஆறாம் மாடி, வலப்பக்கம்'. மறுபக்கம் பெண் கையெழுத்து. அச்சடித்ததுபோல் ஒரு பிசிறும் இல்லாத எழுத்து.

'ரொட்டி. முட்டை ஆறு. முழங்கால் தைலம். சிவப்பு மை பேனா இரண்டு. வெள்ளிக்கிழமை மறக்க வேண்டாம்.'

அவள் ஒரு காகித உறையை எடுத்து, திருகாணியையும் ஃபியூஸையும் தாளையும் உள்ளே போட்டாள். மேலே எழுதுவதற்கு எண் ஒன்றும் இல்லை. வெறுமனே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குத் தலைவலி என்று சொல்லிக் கிளம்பினாள். "சண்டை போடப் போறியா, பாக்கப் போறியா?" என்று கேட்டாள் பட்டன் அக்கா. "அதை ஆறாவது மாடியில முடிவு பண்ணிக்கறேன்," என்றாள் இவள்.

லிஃப்டில் ஏறவில்லை. அவன் கை பட்ட எதிலும் அன்றைக்கு ஏற மனமில்லை. நான்காம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, சண்டைக்கென்று யோசித்துவைத்த முதல் வாக்கியம் மறந்துபோயிற்று. ஆறாம் மாடியில் கதவைத் தட்டினாள்.

திறந்தவளுக்கு இவளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டிருந்தாள். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது.

"சந்தாக் கம்பெனியிலிருந்து வர்றீங்களா?" என்று அவளே கேட்டாள். "நேத்திலிருந்து டிவில எழுத்து வருது. 'இந்த டிவி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல'ன்னு. எனக்கும் அது தெரியும். வாங்க உள்ள. என்னால ரொம்ப நேரம் நிக்க முடியாது."

உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கட்டில், மேசை நிறைய அச்சடித்த தாள்கள். தாள்களின் ஓரமெல்லாம் சிவப்பு மையில் கோடும் சுழியும். அச்சகங்களுக்குப் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துகிற வேலையாம். தாளெல்லாம் வீட்டுக்கே வந்து வீட்டிலிருந்தே போகிறதாம். இஸ்திரிக்காரியின் கண் தானாக ஆணியில் தொங்கும் துணிகளைத் துழாவியது. ஆண் சட்டை ஒன்றும் இல்லை. இல்லாததாலேயே நம்பிவிட முடியுமா என்று யோசித்தாள்.

"நான் கம்பெனி இல்ல. லிஃப்ட்காரர் வீட்ல," என்றாள்.

புரூஃப் பார்ப்பவள் கண்ணாடியை இறக்கிப் போட்டு இவளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்த்தாள்.

"உக்காருங்க. எப்ப வருவீங்கன்னுதான் இருந்தேன். அவர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்லணும்?"

"சொல்லல," என்று அவளே முடிவு செய்துகொண்டாள். "நாலு மாசம் முன்னாடி, நல்ல மழைநாள். ரெண்டு மணிக்கு லிஃப்ட்ல ஏறினேன். நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. வாட்ச்மேன் ஃபோன் பண்ணிப் பண்ணிப் பாத்தார். மெக்கானிக் ஃபோன் ஆஃப். ஏழு மணிக்குத்தான் வந்து இறக்கினார். அஞ்சு மணி நேரம். அதுக்கப்புறம் அதுல கால் வைக்க முடியல. வெச்சா நெஞ்சு அடைக்குது. முட்டி படி இறங்க விடல. ஆக, நாலு மாசமா இந்த ஆறாவது மாடிதான் எனக்கு ஊர். அவர் வாரத்துக்கு ரெண்டு நாள் சாமான் வாங்கிட்டு வருவார். டிவியப் போட்டுட்டு, கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, வாசப்படில உக்காந்து ஒரு பகுதி பாத்துட்டுப் போவார்."

இஸ்திரிக்காரிக்கு அந்த மழைநாள் தெரியும். சலவைக்கடை கொதிகலன் பழுதாகி மதியத்தோடு விட்டுவிட்டார்கள். அவனுக்கு ஃபோன் போட்டு, மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், வாங்களேன் ஒரு படம் பார்ப்போம் என்று கூப்பிட்டாள். ரொட்டி சுட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஒரு டிவிடியைப் போட்டார்கள். படம் முடிந்ததும் இருவரும் அப்படியே தூங்கிவிட்டார்கள். ரொம்ப வருடங்களில் அப்படி ஒரு மதியம் வாய்த்ததில்லை. நடுவில் எழுந்து ஓடுவான் என்று, அவன் ஃபோனை வாங்கி அணைத்து வைத்தது அவள்தான்.

"ஆபத்துக்கு உதவினவரு," என்றாள்.

"அப்படித்தான் அவரும் சொல்லிக்கறார்." புரூஃப் பார்ப்பவள் சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகினாள். "லிஃப்டுக்குள்ள ஒரு அட்டை தொங்கும், பாத்திருக்கீங்களா? பாத்துட்டுப் போனவங்க எழுதிட்டுப் போறது. அன்னைக்குத் தேதி போட்டு எழுதியிருந்தது: 'மேல் மோட்டார் பார்த்தேன். கதவு நண்றாக மூடுகிறது.' மூணு சுழி. அஞ்சு மணி நேரம் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், கையில பேனாகூட இல்லாம. மோட்டாரைப் பாத்திருந்தா அன்னைக்கு அது நின்னிருக்காதுன்னு அப்புறம் வந்த இன்ஜினியர் சொன்னார். கையெழுத்து கிறுக்கல், யாருன்னு தெரியல. வேற ஆள் போட்டதுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார். அடுத்த வாரம் டிவியச் சரி பண்ணி, உங்க படக்கணக்க அதுல போட்டுக் குடுத்தார். பாத்தா 'விருந்திணர்'."

கீழே எங்கோ லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா ஒத்துக்குவார். நான் பிடிச்சுக் குடுத்ததா ஆயிடும். அவரா சொல்லட்டும்னு இருக்கேன். அந்த எழுத்தக்கூட நான் திருத்தல. தினம் கண்ணை உறுத்துது. எத்தனை புத்தகத்துல எத்தனை பிழை திருத்தியிருக்கேன், இந்த ஒரு சுழிய விட்டு வெச்சிருக்கேன். அவர் சொல்ற அன்னைக்குத் திருத்திக்கலாம்னு."

இறங்கும்போது இஸ்திரிக்காரி லிஃப்டில் ஏறினாள். அட்டை தொங்கியது. இன்றைய தேதி. 'கதவு நண்றாக மூடுகிறது.' தரைத்தளத்தில் கதவு திறந்தபோது லிஃப்ட்காரன் ரொட்டிப் பையோடு எதிரே நின்றான்.

அவள் இடுப்பிலிருந்த உறையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"உங்க பையில இருந்தது. இன்னைக்காவது மேல ஏறி மோட்டாரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ரெண்டு தடவை." அப்புறம்தான் அவனுக்குக் கேள்வி உறைத்தது. "யார் சொன்னா?"

"நீங்கதான் எழுதி மாட்டியிருக்கீங்களே. அன்னைக்கு ஏன் பாக்காம எழுதினீங்க?"

"நீ கூப்பிட்டே. சாயங்காலம் வந்து பாத்துக்கலாம்னு எழுதிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "உன்மேல போடல. சொன்னா நீ உன்மேல போட்டுக்குவேன்னுதான் சொல்லல," என்றான்.

அது உண்மையா, இப்போது தோன்றிய சாமர்த்தியமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பதினாறு வருடம் பை துழாவியவளுக்கு அது ஒன்று மட்டும் கைக்கு அகப்படவில்லை.

"செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் படக்கடைல பதில் சொல்லணும். அதுக்குள்ள அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. சொல்லலைன்னா அந்த வீட்ட எடுத்துடச் சொல்லிடுவேன். ரொட்டிய நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்."

"வேலை போயிடும்."

"போனாலும் போகும்," என்றாள். "அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன்னு என்கிட்ட வந்து பொய் சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்சிடும்."

"எப்படித் தெரியும்?"

அவள் வாசலைப் பார்த்து நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை மழை இல்லை. சலவைக்கடையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேசை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. நாலு மணிக்கு இஸ்திரிக்காரி ஃபோனில் படக்கணக்கைத் திறந்து பலகையின் ஓரத்தில் சாத்தி வைத்தாள். 'யார் பார்க்கிறீர்கள்?' நான்கு கட்டங்கள். விருந்திணர். நாலேகாலுக்கும் விருந்திணர். ஒரு விரிப்பை மடித்து அடுத்ததை விரித்தாள். நாலரை. தொடரும் ஓடவில்லை.

"ஃபோன் மேல ஆவி அடிச்சா கெட்டுடும்," என்றாள் பட்டன் அக்கா. "என்னத்தப் பாக்கறே?"

"ஒரு எழுத்த."

"எழுத்தா? தலையெழுத்தா?"

ஐந்துக்கு மூடித் திறந்தாள். விருந்திணர். சொல்லியிருக்க மாட்டான். வாசப்படியில் உட்கார்ந்து ரொட்டிப் பையைத் திருகிக்கொண்டிருப்பான். இல்லை, வேறு கட்டடத்துக்குப் போய்விட்டிருப்பான். வீட்டுக்கு வந்து, சொல்லிட்டேன் என்பான். ஐந்தேகால். மிதியை மிதித்தாள். ஆவி பீறிட்டுக் கண்ணாடித் திரையைப் பனியாக மூடியது. முந்தானையால் துடைத்தாள்.

ஒரு சுழி குறைந்திருந்தது.

அவள் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். விருந்தினர். ரெண்டு சுழிதான். தொடர் ஓடவில்லை. அங்கே என்ன பேசிக்கொண்டார்கள், கதவு இன்னும் திறந்திருக்கிறதா, அவன் படியில் இறங்குகிறானா லிஃப்டிலா, ஒன்றும் அந்த எழுத்தில் இல்லை.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படக்கடைக்கு ஓடினாள். வரிசை குறைந்திருந்தது, கோபம் குறையவில்லை. குடைக்காரர் மழை இல்லாத நாளிலும் குடையோடு வந்து மூன்றாவது மனு எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. இரண்டாவது வீட்ட எடுத்துடலாமா?" என்றாள் கவுன்டர் பெண், குரலைத் தாழ்த்தி.

"இருக்கட்டும். டிவிடிய எடுத்துடு. ரெண்டுக்கும் அழ முடியாது."

"டிவிடி உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமேக்கா."

"பிடிச்சது போதும்."

குடைக்காரர் மனுவிலிருந்து தலையைத் தூக்கினார். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. வீட்டுக்காரரோட ரெண்டாவது வீட்டுக்கு நீங்களே கட்டறீங்களா?"

"ஆமா," என்றாள் இஸ்திரிக்காரி. "ஆறு மாடி படி ஏறிப் பாத்துட்டுத்தான் கட்டறேன்." பிறகு கவுன்டர் பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க விலைய ஏத்தினது அநியாயம். அதையும் எழுதிக்கோ."

"ஏத்தம் இல்லக்கா," என்று தொடங்கிய பெண், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாள்.